கிருமி மருந்துக்குப் பழகிவிடுகிறதா?

கேள்வி: ஆன்டிபயாடிக் அடிக்கடி சாப்பிட்டால் கிருமி அதற்குப் பழகிவிடும் என்கிறார்களே, எப்படிப் பழகுகிறது?

பழகுவதில்லை. இதைச் சொன்னால் எங்கள் வீட்டிலேயே நம்ப ஆளில்லை.

வேலூரில் ஒரு லேபில் கல்ச்சர் பார்ப்பது, அதாவது நோயாளியிடமிருந்து வரும் கிருமியை வளர்த்துச் சோதிப்பது, என் வேலை. குடியாத்தத்திலிருந்து ஒரு பாட்டியின் சிறுநீர் வந்தது. வளர்ந்த கிருமி ஈ.கோலை. அதைத் தட்டு முழுக்கத் தடவி, மேலே மருந்து வில்லைகளை வைத்து, மறுநாள் காலையில் எடுத்தேன். சிப்ரோஃப்ளாக்சசின் வில்லையைச் சுற்றி வட்டமாகத் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. சரி, மருந்து கேட்கிறது என்று எழுதப் போனவன், தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். அந்த வட்டத்துக்குள் குண்டூசித் தலை அளவில் மூன்று புள்ளிகள். வேறு கிருமி கலந்துவிட்டதோ என்று தனியாக எடுத்து வளர்த்தேன். அதே ஈ.கோலைதான், ஆனால் சிப்ரோவுக்கு அசையவில்லை.

அந்த மூன்றும் மருந்தைப் பார்த்துப் பாடம் படித்தவை அல்ல. ஈ.கோலையின் டி.என்.ஏ.வில் சுமார் 46 லட்சம் எழுத்துகள். இரண்டாகப் பிரியும்போதெல்லாம் அத்தனையையும் நகலெடுக்க வேண்டும். ஆயிரம் நகலுக்கு ஏறக்குறைய ஒரு பிழை விழும். கோடிக்கணக்கில் பெருகுகிற கிருமியில் எத்தனை பிழை என்று நீங்களே கணக்குப் போடுங்கள். முக்கால்வாசி எதற்கும் உதவாது. எங்கோ ஒன்று, சிப்ரோ போய் ஒட்டுகிற கைரேஸ் என்ற நொதியைச் சற்றே மாற்றிவிடும். அப்படி இரண்டு மூன்று சேர்ந்தால் மருந்துக்குப் பிடியே கிடைக்காது.

எங்கள் பக்கத்து இலவம்பாடி முள் கத்தரி தெரியுமா? கொல்லையில் ஆடு புகுந்து மேய்ந்து, முள் உள்ள செடி மட்டும் மிஞ்சினால், ஆடுதான் முள்ளை முளைக்க வைத்தது என்போமா? 1952-ல் ஜோஷுவா லெடர்பெர்க், எஸ்தர் லெடர்பெர்க் என்ற அமெரிக்க விஞ்ஞானிகள் வெல்வெட் துணியால் கிருமிகளை ஒரு தட்டிலிருந்து மருந்துள்ள தட்டுக்கு ஒற்றியெடுத்து இதைத்தான் காட்டினார்கள். தப்பியவற்றின் உடன்பிறப்புகள், மருந்தே படாத பழைய தட்டில் அதே இடத்தில் இருந்தன.

காசநோய்க்கு நாலு மருந்தைச் சேர்த்துக் கொடுப்பதும் இந்தக் கணக்கில்தான். அந்த நாலில் ஐசோனியசிட்டுக்குத் தப்புவது சுமார் 10 லட்சத்தில் ஒன்று, ரிஃபாம்பிசினுக்கு 10 கோடியில் ஒன்று. இரண்டுக்கும் ஒரே கிருமி தப்ப வேண்டுமானால் கோடி கோடியில் ஒன்று. அப்புறம், தடுப்பு மரபணுவைப் பிளாஸ்மிட் என்ற சின்ன வளையத்தில் வைத்துக் கிருமிக்குக் கிருமி கைமாற்றிக்கொள்வதும் உண்டு. அது தனிக் கதை.

பாட்டியின் ரிப்போர்ட்டில் சிப்ரோவுக்கு நேரே 'ஆர்' (மருந்து கேட்காது) என்று போட்டு அனுப்பினேன். சாயங்காலம் மகன் போன் செய்தார். "இன்னா சார், போன வருஷம் அம்மாவுக்கு அதுதானே கேட்டுச்சு? வூட்ல இன்னும் நாலு மாத்திரை மிச்சம் கீதே."