மேட்டித் துணியின் பின்பக்கம்

அன்புள்ள அக்கா,

நான் தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கிறேன். ஸ்கூலில் தையல் டீச்சர் சொல்லித்தந்த கிராஸ் ஸ்டிச்சை, பிள்ளைகள் காலேஜுக்குப் போன பிறகு மறுபடியும் கையில் எடுத்தேன். எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலுமாக ஏழெட்டுப் பேர் சனிக்கிழமை மத்தியானம் ஒரு வீட்டில் கூடுகிறோம். ஒருத்தர் புடவைக்கு எம்பிராய்டரி போடுவார், ஒருத்தர் நிட்டிங், இரண்டு பேர் குரோஷா. அவரவர் செய்ததைக் கொண்டுவந்து காட்டுவோம். எதைக் காட்டினாலும் எல்லோரும் "சூப்பர்" என்கிறார்கள். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஒரு அக்கா முடிக்கும் வரை யாருக்கும் காட்டமாட்டேன் என்று மடியிலேயே மூடி வைத்துக்கொள்வார்.

இதற்கிடையில் ஒரு பிரச்சினை. நான் போட்ட மயிலை ஒருத்தர் "பார்த்துட்டுத் தாறேன்" என்று வாங்கிப் போய், அப்படியே ஒரு புடவை முந்தியில் போட்டு விற்றுவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது ஒரு புத்தகத்தில் இருந்த மயில்தான், ஆனால் கலர் முழுக்க நான் மாற்றியது. இப்போது இரண்டு பேரும் பேசுவதில்லை. வீட்டிலோ "இதை வித்தா என்ன கிடைக்கும்" என்று கேட்கிறார்கள். இப்படிக் கூடிக் காட்டிக்கொள்வதில் உண்மையிலேயே பிரயோஜனம் உண்டா?

இன்னொன்று. அண்ணன் மகளுக்குக் கனடாவில் குழந்தை பிறந்திருக்கிறது. தொப்பி பின்ன எந்த நூல் வாங்க?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கச்சிக்கு,

மயிலை அப்புறம் பார்ப்போம். கடிதத்தில் என்னை உறுத்தியது அந்த "சூப்பர்"தான். கல்யாண வீட்டில் சாப்பாடு எப்படி என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதில் சொல்வோமே, அந்த மாதிரி. தைக்கத் தெரியாதவர்கள் சொன்னால் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளலாம். ஊசி பிடிக்கத் தெரிந்த எட்டுப் பேர் ஒரே அறையில் உட்கார்ந்து அதை மட்டும் சொல்லிவிட்டு டீ குடித்துக் கலைந்தால், அந்த மத்தியானம் வீண்.

தைப்பவர் கையில் ஒரு துணியைக் கொடுத்துப் பாருங்கள். கை தானாகத் திருப்பும். முடிச்சு போட்டிருக்கிறாளா, நூலை எங்கே மறைத்திருக்கிறாள், ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்கு நூலை வெட்டாமல் இழுத்துக்கொண்டு போயிருக்கிறாளா என்று எல்லாம் பின்பக்கம் சொல்லிவிடும். கிராஸ் ஸ்டிச்சுக்கென்று கட்டம் கட்டமாக நெய்த வெள்ளை மேட்டித் துணியில் கறுப்பு நூலைப் பின்னால் நாலு கட்டம் தாண்டி இழுத்தால், முன்னால் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு நிழலாடும். போட்டவருக்கு அது தெரியாது. அவர் மாதக்கணக்கில் அதையே பார்த்துக்கொண்டிருந்தவர். பக்கத்தில் இருப்பவருக்குப் பளிச்சென்று தெரியும்.

கர்நாடகத்துக் கசூதி எம்பிராய்டரியில் முடிச்சே போடமாட்டார்கள், பின்பக்கமும் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக. நீலகிரியில் தோடர் பெண்கள் கறுப்பும் சிவப்பும் வைத்து இழை எண்ணிப் போடும் வேலையில், ஊசி வேலைக்குப் பின்பக்கமாக வருகிற மேடான பக்கத்தைத்தான் வெளியே தெரியும்படி உடுத்துகிறார்கள். 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய வேலை அது. அவர்களிடம் போய் முன்பக்கத்தை மட்டும் நீட்டினால் என்ன நினைப்பார்களோ.

அதனால் அடுத்த சனிக்கிழமை ஒரு ஏற்பாடு செய்யுங்கள். முடிந்ததை யாரும் கொண்டுவர வேண்டாம். பாதியில் நிற்பதைக் கொண்டுவரட்டும், கூடவே ஒரு கேள்வியும். "இந்த இலைக்கு இந்தப் பச்சை சரியா, ஒரு நம்பர் குறைக்கவா?" என்கிற மாதிரி. கேள்வி இருந்தால் "சூப்பர்" சொல்லித் தப்பிக்க முடியாது. கிராஸ் ஸ்டிச்சில் ஒரு கட்டம் தள்ளி எண்ணிவிட்டால் அது எங்கேயோ முப்பது வரிசை தாண்டித்தான் காட்டிக்கொடுக்கும், மயிலின் கழுத்து உடம்போடு சேராமல் நிற்கும். இரண்டாவது வரிசையிலேயே பக்கத்து வீட்டுக்காரி கண்ணில் பட்டால் பிரிப்பது பத்து நிமிஷ வேலை. மேல் தையல் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறதா என்பதும் அப்படித்தான். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மாறிப்போட்டது தனியாக மினுங்கும். நிட்டிங்கில் எங்கோ ஒரு கண் நழுவியதும் இன்னொருவர் ஊசியில் எண்ணும்போதுதான் அகப்படும். முடித்த பிறகு காட்டினால் சொல்பவருக்கும் சங்கடம், கேட்பவருக்கும் வருத்தம். பிறகு எல்லோரும் என்ன செய்வார்கள், சூப்பர் என்பார்கள்.

மூடி வைத்துக்கொள்கிற அக்காவை விட்டுவிடுங்கள். சிலருக்கு அப்படித்தான் கை ஓடும்.

பிரயோஜனம் உண்டா என்று கேட்கிறீர்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா! 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த லண்டன் மிஷன்காரர் சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்து, 1820களின் தொடக்கத்தில் ரேந்தை, அதாவது லேஸ், பின்னச் சொல்லிக்கொடுத்தார். ஊசியில் பின்னுவது இல்லை அது. திண்டு மாதிரி இறுக்கமான ஒரு தலையணை, அதன்மேல் துளையிட்ட அட்டை, துளைக்கு ஒரு குண்டூசி, நூல் சுற்றிய சின்னச் சின்னக் கட்டைகள் ஜோடி ஜோடியாகத் தொங்கும். கட்டைகளை மாற்றிப் போட்டு முறுக்கி, ஊசியைச் சுற்றிக் கொண்டுபோக வேண்டும். புத்தகத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்வது கஷ்டம். பக்கத்தில் உட்கார்ந்து, ஓடுகிற கையைப் பார்த்தால்தான் வரும். ஒரு சிறுமி அடுத்த சிறுமிக்குக் காட்டிக் காட்டித்தான் அது ஊர் ஊராகப் போனது. மால்ட்டின் மகள் எலைசா நாகர்கோவிலில் பிறந்து இந்தத் தலையணைகளுக்கு நடுவில் வளர்ந்தவர். 1844இல் கால்டுவெல்லைக் கட்டிக்கொண்டு இடையன்குடிக்குப் போனவர், அங்கே இருந்த பெண்களுக்கும் ரேந்தையைச் சொல்லிக்கொடுத்தார்.

அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான். ரேந்தை விற்ற காசில் அடிமைப் பெண்பிள்ளைகள் விடுதலை வாங்கியிருக்கிறார்கள் என்று மிஷன் வரலாற்றில் எழுதிவைத்திருக்கிறார்கள். தோள்சீலைக்காக இங்கே அடிபட்டதும் இதே காலகட்டம், 1859 வரை இழுத்த போராட்டம் அது. துரைசானிகளின் சட்டைக் கழுத்துக்கு அலங்காரம் பின்னிய கைகளில் பலவற்றுக்குத் தன் தோளை மூடிக்கொள்ளத் தடை. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசையும்.

அவர்களில் யார் பெயர் நமக்குத் தெரியும்? மார்த்தா மால்ட் தெரியும், எலைசா தெரியும். தலையணைக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள் ஒருவர்கூட இல்லை. பின்னி முடித்ததும் விற்பனைக்குப் போய்விடும். பின்னியவள் வீட்டில் ஒரு துண்டு தங்காது. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் ஜேன் பாஸ்டாக் என்று ஒரு பெண் போட்ட மாதிரித் துணி இருக்கிறது. பலவகைத் தையல்களை அந்த ஒரே துணியில் போட்டு, தன் பெயரும் 1598 என்ற வருஷமும் போட்டிருக்கிறாள். ஓர் ஓரத்தில் பெயர் தைக்க எத்தனை கட்டம் செலவாகும்? உங்கள் குழுவில் எல்லோரையும் பெயரும் வருஷமும் போடச் சொல்லுங்கள். ஒரு நோட்டும் வாங்கி வையுங்கள். யார், என்ன துணி, எத்தனை இழை, என்ன நூல் நம்பர் என்று எழுதி, மிஞ்சிய நூலில் ஒரு விரல் நீளம் வெட்டி அந்தப் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள். ஒரே கறுப்பு நூல், ஆங்கர் கம்பெனியில் 403, டி.எம்.சி. கம்பெனியில் 310. ஒருத்தி எழுதிவைத்தால் அடுத்தவள் கடையில் நின்று முழிக்க வேண்டாம்.

இனி மயில். புத்தகத்து மயில் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், அதனால் உங்கள் வழக்கு பாதி போயிற்று. மயிலை வரைந்தவர் வேறொருவர். நிறத்தைத் தேர்ந்தது நீங்கள், அதில் உங்களுக்குப் பங்கு உண்டு, சந்தேகமே இல்லை. சொல்லாமல் எடுத்து விற்றது மரியாதை இல்லை. ஆனால் பேச்சை நிறுத்தும் அளவுக்குப் பெரிய திருட்டா என்றால், எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரேந்தைக்காரர்கள் துளையிட்ட அட்டைக்கு அடியில் வெற்று அட்டையை வைத்து, அதே துளைகளில் குத்தி மாதிரியை எடுத்துக்கொள்வார்கள். கேட்டுக்கொண்டு எடுப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். சங்கிலித் தையலும் காம்புத் தையலும் யாருக்கும் சொந்தமில்லை. காசு கொடுத்து வாங்கிய சார்ட்டை ஜெராக்ஸ் எடுத்து எட்டுப் பேருக்குக் கொடுப்பது மட்டும் வேண்டாம். அது வரைந்தவர் வயிற்றில் அடிப்பது. புத்தகத்தை இரவல் கொடுங்கள். ஒருவர் சொந்தமாக வரைந்தது என்றால், விற்கும் முன் அவரிடம் கேட்க வேண்டும் என்பதைக் குழுவில் வாய்விட்டுப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் புடவைக்காரரிடம் நீங்களே முதலில் பேசிவிடுங்கள். முந்தியில் அந்த மயில் எப்படி வந்தது என்று கேளுங்கள். மேட்டித் துணியில் கட்டம் இருக்கிறது, புடவையில் இல்லை. கட்டமில்லாத துணியில் எப்படி எண்ணினார் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டிய விஷயம்.

விற்பனைக் கணக்கு சுலபம். 14 கவுண்ட் துணியில் அங்குலத்துக்கு 14 கட்டம். பத்து அங்குலச் சதுரத்தை நிரப்பினால் 19,600 தையல். மணிக்கு 150 என்று கை ஓடினாலும் 130 மணி நேரம் ஆகும். தென்னந்தோப்பில் கொடுக்கிற கூலியைப் போட்டுப் பெருக்கினாலே யாரும் வாங்க முடியாத விலை வரும். விற்க வேண்டுமென்றால் புத்தகத்தில் வைக்கிற அடையாளத் துணி, கைக்குட்டை ஓரம் என்று சின்னதாகப் போட்டு விற்கலாம். மயில் சுவரில் இருக்கட்டும். வீட்டில் கேட்பவர்களிடம் இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டினால் அதற்கப்புறம் கேட்கமாட்டார்கள்.

சுவர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நமக்கு இரண்டு மழையும் உண்டு, கடற்காற்று வேறு. ஊசியைத் துணியில் குத்தியபடி வைத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். துரு இறங்கினால் என்ன சோப்பு போட்டாலும் போகாது. கண்ணாடி போட்டு மாட்டும்போது கண்ணாடி தையலைத் தொடக்கூடாது. நடுவில் ஓர் அட்டைக் கரை வைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஆடி மாதத்தில் உள்ளே பூஞ்சை பூத்துவிடும். ஃபிரேம் கடைக்காரர் தேவையில்லை என்பார். விடாதீர்கள்.

கனடாத் தொப்பிக்குச் சாதாரணக் கம்பளி வேண்டாம். வாஷிங் மெஷினில் போட்டால் சுருங்கிக் கட்டியாகிவிடும், கைக்குழந்தைக்காரி கையால் துவைத்துக்கொண்டிருக்கமாட்டாள். மெஷினில் துவைக்கலாம் என்று லேபிளில் போட்ட கம்பளி கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் குழந்தைகளுக்கென்று வருகிற மெத்தென்ற அக்ரிலிக் போதும். கன்னத்தில் வைத்துப் பார்த்து, உறுத்தாததை வாங்குங்கள். பிறந்த குழந்தைக்குத் தலைச்சுற்று ஏறக்குறைய 35 செ.மீ. இருக்கும். பின்னல் இழுபடும், அதனால் இரண்டு மூன்று செ.மீ. குறைத்துப் போடுங்கள். பார்சல் போய்ச் சேர்வதற்குள் பிள்ளை வளர்ந்துவிடும் என்பதால் ஒரு அளவு கூட்டி இரண்டாவதும் ஒன்று. உச்சியில் குஞ்சம், பொத்தான், மணி எதுவும் வேண்டாம், பிய்த்து வாயில் போடும். தொப்பி வெளியே போகும்போதுதான், வீட்டுக்குள் தூங்கும்போது கழற்றிவிட வேண்டும் என்று அண்ணன் மகளிடம் சொல்லிவிடுங்கள். நூலை மொத்தமாக ஒரே தடவையில் வாங்குங்கள், லேபிளில் சாய எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்து.

அன்புடன்,
அக்கா