ஸ்வீடனில் ஊடகவியல் முதுகலை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: விஸ்காம் முடித்திருக்கிறேன், கேமராவிலும் எடிட்டிங்கிலும் ஆர்வம் அதிகம். ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் ஊடகமும் தொடர்பியலும் முதுகலை படிக்க விரும்புகிறேன். '120 கிரெடிட்' என்று குறிப்பிட்டிருக்கிறார்கள். நம் ஊர் எம்.ஏ.வில் அவ்வளவு இல்லையே, பாடச்சுமை மிகுதியாக இருக்குமா?
(வாசகி, திண்டுக்கல்)

பதில்: இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள் என்பதால் எண்களை நேரடியாக ஒப்பிட வேண்டாம். நம் பல்கலைக்கழகங்களில் ஒரு பருவம் முழுவதும் வாரத்துக்கு ஒரு மணி நேரம் வகுப்பு நடந்தால் அது ஒரு கிரெடிட். ஆகவே இங்கே எண்ணப்படுவது வகுப்பு நேரம். ஸ்வீடனிலோ வகுப்பு, வாசிப்பு, கட்டுரை எழுதுதல் என மாணவரின் மொத்த உழைப்பும் கணக்கில் வருகிறது. முழுநேரப் படிப்புக்கு வாரம் 40 மணி நேரம். அந்த ஒரு வார உழைப்புக்கு 1.5 கிரெடிட். 7.5 கிரெடிட் பாடம் ஐந்து வாரங்களில் முடியும். ஒரு பருவத்துக்கு 30, நான்கு பருவங்களுக்கு 120. வகுப்புகள் குறைவாகத்தான் இருக்கும். அட்டவணையில் காலியாகத் தெரியும் நாட்கள் வாசிப்புக்கு உரியவை. அவற்றை விடுமுறை என்று எண்ணிவிட்டால் மூன்றாவது வாரத்திலேயே மூச்சு முட்டும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. இங்கே ஐந்தாறு தாள்களை ஒரே சமயத்தில் படித்து, பருவத்தின் இறுதியில் எல்லாத் தேர்வுகளையும் வரிசையாக எழுதிப் பழகியிருப்பீர்கள். அங்கே பெரும்பாலும் ஒரு பாடத்தைத் தேர்வோ கட்டுரையோ வைத்து முடித்த பிறகே அடுத்ததைத் தொடங்குவார்கள். ஒன்றில் ஆழ்ந்து படிக்க இது நல்ல ஏற்பாடு என்பது என் கருத்து. ஆனால் கடைசி நேரப் படிப்பில் தேறி வந்தவர்களுக்கு முதல் பருவம் கடினமாகத்தான் இருக்கும்.

கேமரா விஷயத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்: இது கருவியைக் கையாளக் கற்றுத்தரும் படிப்பன்று. முதலாண்டில் கோட்பாடும் ஆய்வு முறையியலுமே முதன்மை பெறும். மாலை நேரத் தொடர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். விஸ்காமில் அதன் காட்சியை எப்படி எடுத்தார்கள் என்று பார்த்திருப்பீர்கள். லுண்டிலோ அதே தொடரைப் பத்து வீடுகளில் யார் யாரோடு அமர்ந்து பார்க்கிறார்கள், எந்த இடத்தில் எழுந்து அடுப்படிக்குப் போகிறார்கள், எதை நம்ப மறுக்கிறார்கள் என்று நேர்காணல் செய்து, பதிவானதை வரிவரியாக எழுத்தில் கொண்டுவந்து, பொருள்வாரியாகப் பகுத்து, அந்த முறையைத் தேர்ந்தது ஏன் என்றும் எழுத வேண்டியிருக்கும். அந்த வேலையில் உங்களுக்கு ருசி உண்டா என்பதை முதலில் யோசியுங்கள். மூன்றாம் பருவம் சற்றுத் தளர்வானது. விருப்பப் பாடங்கள், இன்டர்ன்ஷிப், வேறொரு பல்கலைக்கழகத்தில் ஒரு பருவம் என்று வழிகள் இருக்கும்.

கேள்வி: ஸ்வீடனில் ஓராண்டு முதுகலை, ஈராண்டு முதுகலை என்று இரண்டு சொல்கிறார்களே, எது உண்மை?
(வாசகர், தஞ்சாவூர்)

பதில்: இரண்டும் உண்மையே. 60 கிரெடிட்டுக்கு 'மாகிஸ்டர்', 120 கிரெடிட்டுக்கு 'மாஸ்டர்' என்று அவர்கள் மொழியில் பெயர் பிரித்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் இரண்டுமே மாஸ்டர் பட்டம் என்று வருவதால்தான் இந்தக் குழப்பம். முனைவர் பட்டம் வரை போகும் எண்ணமிருந்தால் ஈராண்டே பொருத்தம். கட்டணத்தையும் கணக்கில் வையுங்கள்: 2011 இலையுதிர் பருவம் முதல் ஐரோப்பிய ஒன்றியம், ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி, சுவிட்சர்லாந்து ஆகியவற்றுக்கு வெளியிலிருந்து வருவோருக்குக் கட்டணம் உண்டு.

கேள்வி: ஆய்வேட்டுக்கு மட்டும் 30 கிரெடிட்டா?
(வாசகர், மதுரை)

பதில்: ஆம், கடைசிப் பருவம் முழுவதும் அதற்கே. ஒரு நெறியாளர் துணையிருப்பார். ஆனால் தலைப்பும் கேள்வியும் உங்களுடையவை. முடிவில் கருத்தரங்கு நடக்கும். அங்கே உங்கள் ஆய்வேட்டை முழுக்கப் படித்துவிட்டு எதிரே அமர்ந்து கேள்வி கேட்பவர் பெரும்பாலும் உங்கள் வகுப்புத் தோழராகவே இருப்பார். அவருக்கு 'எதிர்வாதி' என்றே பெயர். 'இத்தனை பேரை மட்டும் நேர்கண்டது ஏன்?' என்று அவர் கேட்டால் கோபிக்கக் கூடாது. இன்னொரு நாள் அதே இருக்கையில் அமர்ந்து வேறொருவரின் ஆய்வேட்டை நீங்கள் கேள்வி கேட்க வேண்டியிருக்கும். லுண்ட் மாணவர்களின் ஆய்வேடுகள் பல இணையத்தில் திறந்தே கிடக்கின்றன. விண்ணப்பிக்கும் முன் இரண்டையாவது எடுத்து, அவற்றின் முறையியல் இயலை மட்டுமேனும் படித்துப் பாருங்கள்.