அப்பா கேட்ட ஒழுக்கம்

கேள்வி: என் அண்ணன் மகளுக்கு ஊருக்குப் பக்கத்திலேயே அரசு கல்லூரியில் இடம் கிடைத்தது. அதை விட்டுவிட்டு, சேர்ந்தால் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரிதான் என்று பிடிவாதம் பிடித்துச் சேர்ந்துவிட்டாள். நாங்கள் வருஷா வருஷம் பழனிக்குப் பாதயாத்திரை போகிற குடும்பம். இளைஞர்கள் இப்படிக் கிறிஸ்தவக் கல்லூரி, கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் என்று தேடிப் போவது ஏன்? அங்கே ஒழுக்கம் இருக்கிறது என்பதாலா? அல்லது மதம் மாற்றும் வேலை ஏதும் நடக்கிறதா?
(ஒரு வாசகர், திண்டுக்கல்)

பதில்: 'ஒழுக்கம்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் நின்றுவிட்டேன். மற்றதற்கு அப்புறம் வருகிறேன்.

ஒழுகு என்பதிலிருந்து வந்த சொல் அது. தண்ணீர் ஒழுகிப் போவதுபோல, யாரும் பிடித்துத் தள்ளாமல் ஒரு மனிதன் தானாக நடந்துகொள்கிற விதம்தான் ஒழுக்கம். நம் பழைய இலக்கணக்காரர்கள் காதலையே ஒழுக்கம் என்றார்கள். ஊருக்குத் தெரியாமல் இருவர் சந்தித்துப் பழகினால் களவொழுக்கம். கல்யாணம் செய்து குடும்பம் நடத்தினால் கற்பொழுக்கம். இரண்டுக்கும் ஒரே சொல்தான். அப்படிப்பட்ட சொல்லை எடுத்து, ஆணும் பெண்ணும் பேசினால் அபராதம் என்று கல்லூரி வாசலில் மாட்டிவைத்திருக்கிறோம்.

சில வருஷங்களுக்கு முன் என் தங்கை மகன் ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் படித்தான். பஸ்ஸில் முன்பக்கம் பெண்கள், பின்பக்கம் ஆண்கள். மாடிப்படியும் தனித்தனி. கூடப் படித்த ஒரு பெண் காய்ச்சலில் இரண்டு நாள் வரவில்லை என்று இவன் தன் லேப் நோட்டைக் கொடுத்தான். அதற்கு இரண்டு வீட்டாரையும் வரச் சொன்னார்கள். தாய்மாமன் என்ற முறையில் நான் போனேன். அந்தப் பெண்ணின் அப்பா ஒர்க் ஷாப்பிலிருந்து அப்படியே கிளம்பி வந்திருந்தார், விரல் இடுக்கில் கிரீஸ் கூடப் போகவில்லை. முதல்வர் அறைக்கு வெளியே மூன்று மணி நேரம் நிற்கவைத்தார்கள். நாற்காலி காலியாகத்தான் இருந்தது, அவர் உட்காரவில்லை. எதிர்ச் சுவரில் 'ஒழுக்கமே உயர்வு' என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. அந்த மனிதர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். இதை அப்போதே இந்தப் பக்கத்தில் எழுதினேன். 'பெண் பிள்ளையைப் பெற்றவனுக்குத்தான் வலி தெரியும்' என்று கண்டித்துப் பலர் எழுதினார்கள். நான் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றிக்கொள்ளவில்லை, இன்றும் மாற்றமாட்டேன்.

சரி, உங்கள் அண்ணன் மகள். கிறிஸ்தவக் கல்லூரி விஷயத்தில் ஒன்றைப் பல வீடுகளில் பார்த்துவிட்டேன். அப்பாவும் பிள்ளையும் ஒரே கல்லூரியின் பெயரைச் சொல்வார்கள், காரணம் மட்டும் வேறாக இருக்கும். அப்பாவின் மனத்தில் இருப்பது ஃபாதர், சிஸ்டர், நேரத்துக்கு மணி, கண்டிப்பு. பிள்ளைக்கு வேண்டியது மூச்சுவிட ஒரு இடம். வகுப்பில் எழுந்து 'சார், நீங்கள் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை' என்று சொன்னால், உட்கார் என்று அதட்டாத ஒரு ஆசிரியர். மூன்று மணிக்கு வகுப்பு முடிந்த பிறகும் வெளியே விரட்டாத வளாகம். நாடகம், பாட்டு, பறவை பார்க்கும் குழு என்று மார்க்குக்கு உதவாத பத்து வேலைகள். உங்கள் பெண் பிடிவாதம் பிடித்தது இதற்காகத்தான் இருக்கும்.

இது நேற்று வந்த ஆசை இல்லை. இதே கிறிஸ்தவக் கல்லூரி தாம்பரத்துக்குப் போனது 1937-ல். அதற்கு முன் பாரிமுனைப் பக்கம் இருந்தது. அங்கே படித்த ராதாகிருஷ்ணன், திருத்தணிக்காரர், நம் ஊர் முருக பக்தர்களுக்கு நெருங்கிய ஊர். இந்து மதத்தில் அறநெறி கிடையாது என்று மிஷனரிகள் விமர்சித்தது அவரைக் குத்தியது. வேதாந்தத்தின் அறநெறி பற்றியே எம்.ஏ. ஆய்வேடு எழுதினார். 1908-ல் அது அச்சிலும் வந்தது. தத்துவப் பேராசிரியர் ஹாக் என்ன சொல்வாரோ என்று பயந்துகொண்டிருந்தவருக்கு அந்த ஹாக்கே மனமாரப் பாராட்டி எழுதிக் கொடுத்தார். மிஷனரிகளை மறுத்து எழுதிய மாணவனை ஒரு மிஷனரி தட்டிக்கொடுத்தார். ஒழுக்கம் என்ற சொல்லை நான் அந்த ஆசிரியருக்குக் கொடுப்பேன்.

மதமாற்றம் பற்றி மழுப்ப விரும்பவில்லை. அந்த எண்ணத்தோடுதான் மிஷனரிகள் கப்பல் ஏறினார்கள். 1837-ல் ஜான் ஆண்டர்சன் சென்னையில் பள்ளி தொடங்கியதும் அப்படித்தான். சில மாணவர்கள் மதம் மாறியபோது ஊர் கொந்தளித்து, மற்ற பிள்ளைகளைப் பள்ளியைவிட்டு நிறுத்திவிட்டார்கள். பின்னால் வந்த வில்லியம் மில்லர் காலத்தில் அந்தப் பள்ளிதான் எல்லாருக்குமான இந்தக் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது. ஆனால் மிஷன் பள்ளிக்குப் போனவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்க்க யாழ்ப்பாணம்தான் நல்ல இடம். ஆறுமுக நாவலர் வெஸ்லியன் மிஷன் பள்ளியில் படித்தவர், அங்கேயே ஆசிரியராக இருந்தவர், பெர்சிவல் பாதிரியாருக்கு பைபிள் தமிழாக்கத்தில் கூட இருந்து உதவியவர். அவர்தான் 1848-ல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பள்ளி, அச்சுக்கூடம், மேடைப் பிரசங்கம் என்று பாதிரிமாரிடம் கண்ட வழிகளையே எடுத்துச் சைவத்துக்காக நின்றார். பிள்ளைகளுக்குத் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளத் தெரியும். பெரியவர்களுக்குத்தான் அந்த நம்பிக்கை வருவதில்லை.

யாழ்ப்பாணம் என்றதும் இன்னொருவரைச் சொல்லாமல் விட மனமில்லை. சி.வை. தாமோதரம் பிள்ளை. வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் 1823-ல் தொடங்கிய செமினரியில் படித்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவர். பதிப்பு என்றால் உ.வே.சா. பெயரைச் சொல்லி எல்லாரும் கும்பிடுகிறோம், நானும் கும்பிடுகிறேன். ஆனால் செல்லரித்த ஏடுகளைத் தேடித் தேடி, 1887-ல் சங்க நூலான கலித்தொகையை அச்சில் கொண்டுவந்தவர் இவர். எத்தனை தமிழ் மேடைகளில் இவர் பெயர் கேட்கிறது? எனக்கு ரொம்ப நாளாகவே ஆறாத மனக்குறை இது. களவொழுக்கம் என்று மேலே சொன்னேனே, அதைப் பாடும் பழைய நூல்களில் ஒன்று நம் கைக்கு வந்தது மிஷன் செமினரியில் படித்த ஒருவரால்.

'பல்கலைக்கழகம்' என்றும் கேட்டிருக்கிறீர்கள். நம் மாநிலத்தில் பெரும்பாலும் கல்லூரிகள்தான். தாம்பரம், லயோலா, மதுரை அமெரிக்கன் கல்லூரி மூன்றும் 1978-லேயே தன்னாட்சி பெற்றவை. பாடத்திட்டமும் தேர்வும் அவர்களே வைத்துக்கொள்ளலாம், பட்டம் பல்கலைக்கழகம் தரும். கோவை காருண்யா, பெங்களூரு கிறிஸ்ட் போன்றவை தாங்களே பட்டம் தருகிற நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள். அங்கே போகிறவர்களில் பலர் போவது கேம்பஸ் இண்டர்வியூவுக்காக. அதில் தப்பில்லை, ஆனால் அது வேறு கணக்கு. வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி இன்னும் வேறு. திருச்சபையின் பரிந்துரையில் சேருகிறவர்கள், படித்து முடித்ததும் வசதி குறைந்த மிஷன் மருத்துவமனைகளில் இரண்டு வருஷம் வேலை செய்ய வேண்டும். அப்படி ஒரு கட்டாயம் இருப்பது தெரிந்தே பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு விண்ணப்பிக்கிறார்கள்.

இவ்வளவு புகழ்ந்ததால் குறையைச் சொல்லும் கடமையும் இருக்கிறது. ஜூன் மாதம் எந்தப் பழைய கிறிஸ்தவக் கல்லூரி வாசலில் போய் நின்றாலும் 'எய்டடா, செல்ஃபா?' என்ற கேள்வி காதில் விழும். எய்டட் என்றால் ஆசிரியருக்கு அரசு சம்பளம், பிள்ளைக்கு ஏழை வீட்டில்கூடச் சமாளிக்கக்கூடிய கட்டணம். செல்ஃப் என்றால் அதே வளாகம், அதே பட்டம், பல மடங்கு கட்டணம். பாடம் நடத்துகிறவருக்கோ சொற்பச் சம்பளம். ஏழைகளுக்காக என்று எழுந்த கட்டடத்தில் இந்த இரண்டாவது வரிசை வளர்ந்துகொண்டே போவது எனக்குப் பொறுக்கவில்லை.

இன்னொன்று, இதைவிடப் பெரியது. 1950-ஆம் வருஷத்துக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறிஸ்தவரான தலித்துக்குப் பட்டியல் சாதி உரிமை கிடையாது. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் வருவார். அரசு கைவிட்ட அந்தப் பிள்ளையைத் திருச்சபைக் கல்லூரிதான் முதல் ஆளாகக் கூப்பிட்டு உட்காரவைக்க வேண்டும். அரசியல் சாசனத்தின் 30-ஆவது பிரிவு சிறுபான்மையினருக்குக் கல்வி நிறுவனம் நடத்தும் உரிமையைக் கொடுத்தது யாருக்காக? சபைக்குள்ளேயே சாதி பார்த்து இடமும் வேலையும் போகிறது என்று தலித் கிறிஸ்தவர்கள் பல காலமாகக் குமுறுகிறார்கள். அந்தக் குமுறலுக்கு நேர்மையான பதில் இன்னும் வரவில்லை. வரும்வரை கேட்டுக்கொண்டேதான் இருப்பேன்.

போன வருஷம் தாம்பரத்தில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். 365 ஏக்கர். வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் அந்தப் பொட்டல் காட்டில் பார்த்துப் பார்த்து மரம் நட்டார்கள் என்பார்கள். கேட்டைத் தாண்டியதும் ஜி.எஸ்.டி. ரோட்டு லாரிச் சத்தம் மெல்ல மெல்லக் குறைந்து, கொஞ்ச தூரத்தில் சருகு மிதிபடும் சத்தம் மட்டும் கேட்டது. கூட்டத்தில் நான் வழக்கம்போல களவொழுக்கம் பற்றிப் பேசினேன். அந்தக் காலத்துப் பெண்ணுக்கு இருந்த சுதந்திரம் இன்றில்லை என்று முடித்தேன்.

கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். நெற்றியில் திருநீறு, பேச்சில் நம் தெற்கத்தி வாசம். "ஐயா, நீங்க பாதியைத்தான் சொன்னீங்க. இற்செறிப்பை விட்டுட்டீங்களே" என்றாள். களவு வெளியே தெரிந்துவிடும் என்றால் பெண்ணை வீட்டுக்குள் பூட்டிவைப்பார்கள், அதற்கும் அதே மரபில்தான் பெயர் இருக்கிறது, பையனை யாரும் பூட்டவில்லை, அது எப்படி அவளுக்குச் சுதந்திரம் ஆகும் என்று கேட்டாள். சங்கப் பாட்டுகளிலிருந்து இரண்டு இடங்களை எடுத்துக்காட்டினாள். அவள் சொன்னது சரி. மேடையிலேயே ஒப்புக்கொண்டேன்.

முன்வரிசையில் அவளுடைய தமிழ்ப் பேராசிரியர் உட்கார்ந்திருந்தார். சிறப்பு விருந்தினரை இப்படிக் கேட்கலாமா என்று அவர் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. மடியில் இருந்த தாளில், அவள் சொன்ன பாட்டு எண்களை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டிருந்தார்.