முட்டைக்கு ஆகாதது வெயில்

நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணைகளில் கால்நடை மருத்துவராக அலைந்து ஓய்வு பெற்றவன் நான். பண்ணையில் நேரடியாக முட்டை வாங்குவதைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

பண்ணை வாசலிலேயே முட்டை விற்கிறார்கள். கடையைவிட விலை குறைவு. தட்டுக் கணக்கில் வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது?

தாராளமாக வாங்கலாம். "என்றைக்கு எடுத்த முட்டை?" என்று மட்டும் கேளுங்கள். நேற்றோ இன்றோ எடுத்தது என்றால் சரி. அடுத்து, தட்டுகளை எங்கே அடுக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள். தகரக் கொட்டகையின் ஓரம், சாய்வெயில் படும் இடம் என்றால் இன்றைய முட்டையும் நாளைக்குள் கிழடாகிவிடும். முட்டையின் வயதை நாள் கணக்கு மட்டும் தீர்மானிப்பதில்லை, சூடும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. குளிர்பெட்டியில் ஒரு வாரம் இருந்தால் ஆகும் மூப்பு வெளியில் ஒரே நாளில் ஆகிவிடும் என்பது துறையில் சொல்லும் பொதுக்கணக்கு. நம் சித்திரை வெயிலில் அந்த ஒரு நாளும் கிடையாது.

விரிசல் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும். கைக்கு ஒரு முட்டையாக எடுத்து மெதுவாக ஒன்றோடொன்று தட்டுங்கள். நல்ல ஓடு 'டிங்' என்று தெளிவாகச் சொல்லும். விரிசல் விட்டது மொத்தையாக ஒலிக்கும். பண்ணையில் விரிசல் முட்டையைத் தனியாகப் பாதி விலைக்குத் தருவார்கள். அன்றைக்கே நன்றாக வேகவைத்துச் சாப்பிடுவதானால் மட்டும் வாங்குங்கள்.

வாங்கிய தட்டை ஸ்கூட்டரின் கால்வைக்கும் இடத்தில் வைத்து, வெயிலில் நாலு கடை ஏறி இறங்கி வீட்டுக்குப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கடைகளை முதலில் முடியுங்கள். முட்டை கடைசியில்.

முட்டையில் எச்சம் ஒட்டியிருக்கிறது. வந்ததும் எல்லாவற்றையும் கழுவி வைத்துவிடுகிறேன். சரிதானே டாக்டர்?

சரியில்லை அம்மா. சுத்தம் என்று நீங்கள் செய்வதுதான் முட்டையைக் கெடுக்கிறது.

ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. குஞ்சு மூச்சு விடுவதற்காக இயற்கை வைத்த வழி அது. கோழி முட்டையிடும்போது அந்தத் துளைகளை அடைக்க மெல்லிய பூச்சு ஒன்றையும் சேர்த்தே தருகிறது. இட்ட முட்டையைக் கையில் எடுத்தால் ஈரமாகப் பளபளக்கும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்து மங்கிவிடும். அதுதான் அந்தப் பூச்சு. நீங்கள் குழாயடியில் தேய்த்துக் கழுவும்போது முதலில் போவது அதுதான். போதாததற்கு, வெதுவெதுப்பாக இருக்கும் முட்டை குளிர்ந்த நீரில் பட்டதும் உள்ளே சுருங்கும். ஓட்டின்மேல் இருக்கும் அழுக்குநீரைத் துளை வழியாக உறிஞ்சிக்கொள்ளும்.

அமெரிக்காவில் கழுவித்தானே விற்கிறார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான். ஆனால் அங்கே முட்டையைவிடச் சூடான நீரில் கழுவி, உலர்த்தி, கடைவரை குளிரிலேயே கொண்டுபோகிறார்கள். ஐரோப்பிய நாடுகளிலோ முதல்தர முட்டையைக் கழுவக்கூடாது என்பதே பொது விதி. நடுவில் நின்று பாதி வழியை மட்டும் பின்பற்றினால் இரண்டு நன்மையும் போய்விடும்.

எச்சத்தை உலர்ந்த துணியால் துடையுங்கள். போகாவிட்டால் அந்த முட்டையை முதலில் சமையுங்கள். கழுவித்தான் ஆக வேண்டும் என்றால், உடைப்பதற்குச் சற்றுமுன் கழுவுங்கள்.

குளிர்பெட்டியின் கதவில் முட்டைக் குழி வைத்திருக்கிறார்களே, அங்கே வைக்கலாமா?

அதை வடிவமைத்தவர் வீட்டில் யாரும் கதவைத் திறப்பதில்லை போலிருக்கிறது. உள்ளே, நடுத்தட்டில், மூடியுள்ள பெட்டியில் வையுங்கள். அகன்ற முனை மேலே இருக்கட்டும், காற்றறை அங்கேதான் இருக்கிறது. மூன்று வாரம் கவலையில்லை. ஒருமுறை உள்ளே வைத்ததைத் தேவைக்கு மட்டும் எடுங்கள். வெளியில் எடுத்து வைத்தால் முட்டை வியர்க்கும். அந்த ஈரத்தோடு திரும்ப உள்ளே வைப்பது கழுவியதற்குச் சமம்.

நாட்டுக்கோழி முட்டை என்று இரண்டு பங்கு விலைக்கு வாங்குகிறோம். பழுப்பாக இருந்தால் நாட்டுக்கோழிதானே? சத்தும் அதிகம்தானே?

நிறம் இனத்தைப் பொறுத்தது. பண்ணையில் வளர்க்கும் வெள்ளை லெகார்ன் வழிக் கோழி வெள்ளை முட்டை இடும். பழுப்பு முட்டை இடும் பண்ணை இனங்களும் இருக்கின்றன. நாட்டு முட்டை சிறியது, 40 கிராம் சுமாருக்கு இருக்கும். அத்தனையும் ஒரே அளவில், 55 கிராமுக்கு மேல், ஒரே பழுப்பாக இருந்தால் உங்கள் பணம் நாட்டுக்கோழிக்குப் போகவில்லை. ஒரு கூடையில் கூர்முனை, உருண்டை, வெளிறியது, மங்கலானது என்று கலந்து கிடந்தால் நம்பலாம். மஞ்சள்கருவின் அடர்நிறமும் சாட்சியல்ல. மக்காச்சோளம், கீரை, செண்டுப்பூச் சாறு எதைத் தீவனத்தில் சேர்த்தாலும் நிறம் ஏறும். புரதத்தில் பெரிய வேறுபாடு இல்லை. சுவை பிடித்திருந்தால் வாங்குங்கள், மருந்தாக நினைத்து வாங்காதீர்கள்.

நாட்டு முட்டைக்காரர்கள் சொல்லாத ஒன்று உண்டு. கூண்டுப் பண்ணையில் சேவல் கிடையாது, அதனால் முட்டையில் கரு உண்டாகாது. தோட்டத்தில் மேயும் கோழிகளோடு சேவலும் திரியும். கரு கூடிய முட்டை 20 டிகிரியைத் தாண்டினாலே மெல்ல வளரத் தொடங்கிவிடும். அடைக்கோழியின் சூடு 37 டிகிரி சொச்சம், நம் கோடைப் பகலும் அதற்குக் குறைந்ததல்ல. பகலில் வளர்ந்து, இரவில் நின்று, அரைகுறையாகச் செத்து, கூமுட்டையாகிவிடும். நாட்டு முட்டையை வாங்கிய அன்றே குளிரில் வைக்கச் சொல்வது இதனால்தான். இருட்டறையில் கைப்பேசி விளக்கை அகன்ற முனையில் அழுத்திப் பாருங்கள். உள்ளே சிலந்திக்கால் போலச் சிவப்பு நரம்பு ஓடினால் அதை எடுத்துப் போட்டுவிடுங்கள்.

இப்படிப் பார்க்க முடியாதவர்கள் என் அம்மாவின் வழக்கத்தைப் பின்பற்றலாம். ஒவ்வொரு முட்டையையும் முதலில் சின்ன டம்ளரில் உடைத்து முகர்ந்துவிட்டுத்தான் பாத்திரத்தில் ஊற்றுவார். ஒருநாள் அவசரத்தில் நான் நேராக ஊற்றினேன். ஏழு நல்ல முட்டையோடு எட்டாவது கூமுட்டை விழுந்தது; அன்றைக்கு அடை மட்டும்தான்.

தண்ணீரில் போட்டு மிதந்தால் கெட்டது, மூழ்கினால் நல்லது. நம்பலாமா?

பழையதா என்று தெரிந்துகொள்ள நம்பலாம். நாளாக ஆக நீர் ஆவியாகிக் காற்றறை பெரிதாகும், அதனால் மிதக்கும். கிருமி இருக்கிறதா என்று தண்ணீருக்குத் தெரியாது. உடைத்ததும் மூக்குச் சொல்வதே முடிவு.

மஞ்சள்கருவில் இரத்தப் பொட்டு?

முட்டை உருவாகும்போது கசிந்த துளி. கரண்டியால் எடுத்துவிட்டுச் சமைக்கலாம்.

புத்தம்புது முட்டையை அவித்தால் தோல் உரியவே மாட்டேன் என்கிறது.

புதியது என்பதற்கு அதைவிட நல்ல சான்றிதழ் கிடையாது. நாள் ஆக ஆகக் கரியமில வாயு வெளியேறி வெள்ளைக்கருவின் காரத்தன்மை கூடும், அப்போதுதான் தோல் விடும். அவிப்பதற்கு ஒரு வாரத்து முட்டை, பொரிப்பதற்கு இன்றைய முட்டை.

பேத்தி வயதுக்கு வந்திருக்கிறாள். நல்லெண்ணெயில் பச்சை முட்டையை உடைத்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். கொடுக்கலாமா?

வேண்டாம் அம்மா. சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமி ஓட்டின்மேல் மட்டும் இருப்பதில்லை. நோயுற்ற கோழியிடமிருந்து உள்ளேயே வந்துவிடும். முழு முட்டை, கழுவாத முட்டை, நம் தோட்டத்து முட்டை என்ற எதுவும் அதற்குத் தடை இல்லை. 70 டிகிரிக்கு மேல் சூடு ஏறும்வரை வேகவைத்தால் செத்துவிடும். பச்சையாகக் குடித்தால் புரதமும் முழுதாகச் சேராது. பாதியளவு வீணாகிவிடும்; வெந்த முட்டையில் பத்தில் ஒன்பது பங்கு உடம்பில் ஒட்டும். குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் யாருக்கும் பச்சை முட்டை கூடாது. நானும் கலக்கிப் பிரியன்தான், ஆனால் பேரப்பிள்ளைகளுக்கு ஊட்டமாட்டேன்.

வழக்கத்தை விட வேண்டாம். அதே நல்லெண்ணெயைத் தாராளமாக ஊற்றி, முட்டையை உடைத்துவிட்டு, மஞ்சள்கரு கெட்டியாகும்வரை இருபுறமும் வேகவிட்டு, மேலே கொஞ்சம் மிளகுத்தூள் தூவிக் கொடுங்கள்.