வண்டித் திடலில் எல்லைக்கல்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஊரின் மேற்குக் கோடியில் ஏறத்தாழ 12 ஏக்கர் மேட்டுநிலம் இருக்கிறது. அதன் குறுக்கே 300 மீட்டர் நீளத்துக்கு மண்தடம் ஒன்று உண்டு. ‘வண்டித் திடல்’ என்போம். என் தாத்தா காலத்திலிருந்து காணும் பொங்கலன்று அங்கேதான் ரேக்ளா ஓட்டுகிறோம், இளங்காளைகளைப் பழக்குவதும் அங்கேதான். ஒவ்வொரு தை மாதமும் நிலக்காரர் வீட்டுக்குத் தாம்பூலம் கொண்டுபோய்ச் சொல்லிவிட்டு வருவது வழக்கம். நான்குவழிச் சாலை வந்த பிறகு நிலம் கைமாறி, இப்போது எல்லைக்கல் நட்டிருக்கிறார்கள். மனைப்பிரிவுக்கு மனுப் போட்டிருப்பதாகவும் கேள்விப்படுகிறோம். மூன்று தலைமுறையாக ஓட்டிய திடலில் எங்களுக்கு உரிமை ஏதும் இல்லையா?
– ஒரு வாசகர், திருவிடைமருதூர் வட்டம்

பதில்: ‘நிலக்காரர்’ என்று நீங்கள் எழுதியிருப்பதால் அது தனியார் பட்டா நிலம் என்று கொள்கிறேன். ஆனாலும் அதை ஊர்ப்பேச்சை மட்டும் வைத்து முடிவு செய்துவிடாதீர்கள். ஒவ்வொரு புல எண்ணுக்கும் நேரே நிலத்தின் வகையும் உரியவர் பெயரும் எழுதியிருக்கும் அ-பதிவேட்டையும் புல வரைபடத்தையும் பாருங்கள். 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். என்னும் நிலப்பதிவேடு புதுப்பிக்கும் பணியில் பதிவுகள் மாறிப்போன கதை நம் பக்கத்தில் பல ஊர்களில் உண்டு. ஆகவே அதற்கு முந்தைய செட்டில்மெண்ட் (நிலவரித்திட்ட) பதிவேட்டில் அந்தப் புல எண்ணுக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்பதையும் பார்த்தே ஆக வேண்டும். அங்கே மேய்க்கால் என்றோ மந்தைவெளி என்றோ, அதாவது ஊர்ப் பொதுநிலம் என்று இருந்தால் உங்கள் வழக்கின் முகமே மாறிவிடும். ஊர்ப் பொதுநிலங்களில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றி அவற்றை ஊருக்கே மீட்டுத்தர வேண்டும் என்று 2011 ஜனவரி 28 அன்று உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டிருக்கிறது. கோயில் நிலமாக இருந்தால், 1959ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி ஆணையரின் ஒப்புதல் இல்லாத விற்பனை செல்லாது.

பட்டா நிலம்தான் என்று உறுதியானால், நீங்கள் ஊன்றி நிற்கக்கூடிய இடம் ஊர் வழக்காறு ஒன்றுதான். பிறர் நிலத்தின் மீது ஒருவருக்குள்ள வழி, நீர் போன்ற உரிமைகளைப் பற்றிய 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், தன் 2ஆம் பிரிவிலேயே, பொதுமக்களுக்கு ஒரு நிலத்தின் மீதுள்ள வழக்காற்று உரிமைகளை இந்தச் சட்டம் பாதிக்காது என்று விலக்கி வைக்கிறது. அந்த உரிமையை நிலைநாட்ட வேண்டுமானால், வழக்கம் தொன்மையானது, இடைவிடாதது, நியாயமானது, இன்ன இடத்தில் இன்னதுதான் என்று தெளிவானது, யாருடைய தயவிலும் நடக்காதது என்பவற்றையெல்லாம் நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டும். இங்கேதான் உங்கள் தாம்பூலத் தட்டு குறுக்கே நிற்கிறது. அது பெரியவர்களுக்குச் செய்யும் மரியாதை என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். ஆனால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதை ஆண்டுதோறும் கேட்டுப் பெற்ற அனுமதி என்று வாதிடுவார், அனுமதி என்றால் கொடுத்தவர் திரும்பப் பெறலாம். ஆகவே அந்தப் பழைய நிலக்காரர் குடும்பத்தில் இன்றைக்கும் இருக்கும் மூத்தவர்களிடம், ‘அது மரியாதைக்குத்தான், அனுமதி கேட்க அல்ல’ என்று ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதி வாங்குங்கள். அவர்கள் இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும். பழைய பந்தய நோட்டீசுகள், பரிசுக் கேடயங்களில் பொறித்த ஆண்டுகள், விழாக்குழுவின் வரவுசெலவு நோட்டு, காவல் நிலையத்தில் பெற்ற அனுமதிக் கடிதங்கள் ஆகியவற்றையும் ஒரே கோப்பில் சேர்த்துவிடுங்கள். உங்கள் தாத்தாவின் நினைவுக்கு நீதிமன்றத்தில் எடை வர வேண்டுமானால் அது காகிதமாக மாறியாக வேண்டும்.

2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் நம்மைக் காப்பாற்றும் என்று பலர் எண்ணுகிறார்கள். அந்தச் சட்டம் எண்ணெய், எரிவாயு அகழ்வு, உருக்காலை, தோல் பதனிடும் ஆலை போன்ற குறிப்பிட்ட தொழில்களைத்தான் தடுக்கிறது. வீட்டுமனை அந்தப் பட்டியலில் இல்லை.

வழக்குக்குச் செல்லும் முன் இன்னொரு கதவைத் தட்டிப் பார்க்கச் சொல்வேன். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் நீங்கலான பரப்பில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு ஈடாகப் பணம் கட்டித் தப்ப முடியாது. உங்கள் 12 ஏக்கர் என்பது சுமார் 48,500 சதுர மீட்டர். சாலைக்குக் கால்பங்கு போனாலும் ஒதுக்கீடு 3,600 சதுர மீட்டருக்குக் குறையாது. அதாவது 300 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது எனக்கே சற்று நம்பிக்கை வந்தது. வழக்கமாக இந்த ஒதுக்கீட்டை எதற்கும் ஆகாத மூலையில் துண்டாகத் தள்ளிவிடுவார்கள். வரைபடம் ஒப்புதல் பெறுவதற்கு முன்பே ஊராட்சி எழுத்து மூலமாக மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்குச் சென்று, இந்த நிலத்தில் அது மேற்கு எல்லையோரம் நீளவாக்கில், விளையாட்டுத் திடலாக அமைய வேண்டும் என்று கேட்க வேண்டும். ஒப்புதல் வந்துவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 300 மீட்டரில் கோடு கிழித்தாலும் மாடு அந்தக் கோட்டில் நின்றுவிடாது. வேகம் அடங்க மேலும் நூறு மீட்டராவது தேவை. ஆகவே அந்தத் துண்டில் உண்மையில் 200 மீட்டர்தான் ஓட்ட முடியும். கொங்குப் பகுதியில் 200 மீட்டர், 300 மீட்டர் என்று இரு பிரிவாக மண்தடத்தில் நேரம் கணக்கிட்டு ஓட்டுகிறார்கள் என்பதால் 200 மீட்டர் ஒன்றும் குறைவான தூரம் அல்ல. ஆனால் காணும் பொங்கல் கூட்டத்தை வீடுகளுக்கு நடுவே கொண்டுவருவது சரியாகாது. அந்த இடம் பழக்குவதற்கு மட்டும் என்று இப்போதே மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பந்தயத்தைச் சாலையில் வைத்துக்கொள்ளலாமே! திருக்கடையூரில் காணும் பொங்கலுக்குச் சாலையில்தானே ஓட்டுகிறார்கள்? மண்தடம் இல்லாவிட்டால் என்ன குறைந்துவிடும்?
– ஒரு வாசகர், மயிலாடுதுறை

பதில்: பந்தயம் ஆண்டில் ஒரு நாள்; பழக்கம் மற்ற நாட்கள் எல்லாம். லாடம் கட்டிய மாடு ஒரு நாள் தார்ச்சாலையில் ஓடினால் தாங்கிக்கொள்ளும். ஆனால் இன்னும் பல் போடாத இளங்காளையை நாள்தோறும் தாரில் ஓடவிட்டால் குளம்பு தேயும், முழங்கால் வீங்கும், வழுக்கி விழுந்தால் இடுப்பு போய்விடும். தவிரவும், நான்குவழிச் சாலையில் விடியற்காலையில் லாரிகளுக்கு நடுவே ஒரு ஜோடியைப் பூட்டிக்கொண்டு போக எந்தச் சாரதிக்கும் மனம் வராது.

மண்ணிலும் எல்லா மண்ணும் உதவாது. நம் டெல்டாவின் வயல் பெரும்பாலும் களி. ஈரமானால் வழுக்கும், காய்ந்தால் குளம்பு சிக்கும் அளவுக்கு வெடிக்கும். சம்பா, தாளடி அறுவடை முடிந்து தரிசாகக் கிடக்கும் வயலில் ஓட்டலாமே என்று கேட்பவர்கள், மாசி, பங்குனியில் அந்த வயலில் செருப்பில்லாமல் நடந்து பார்க்கட்டும். ஜூன் 12க்கு மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் அந்த வயலும் இல்லை. மணல் கலந்த மேட்டுநிலம் ஊருக்கு ஒன்றிரண்டுதான் இருக்கும். வெள்ளம் ஏறாது என்பதால் வீட்டுமனைக்கும் அதையேதான் முதலில் தேடி வருகிறார்கள். ஊருக்கு ஊர் திடல் போவதன் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

திடல் போனால் மாடும் போகும். டிராக்டர் வந்த பிறகு உழவுக்குக் காளை வேண்டியிருக்கவில்லை. ஒரு வீட்டில் காளைக்கன்று பிறந்தால் அதை விற்காமல் வைத்துக்கொள்ள இன்றைக்கு மிஞ்சியிருக்கும் காரணங்களில் இந்த ஓட்டமும் ஒன்று. சேற்று உழவுக்கென்றே வளர்ந்த நம் உம்பளச்சேரி இனத்தைக் கொருக்கை அரசுப் பண்ணையில் காப்பாற்றுகிறார்கள் என்பது மகிழ்ச்சிதான். ஆனால் பண்ணையில் மட்டும் மிஞ்சும் இனத்தை ஊர் மாடு என்று எப்படிச் சொல்வது?

கேள்வி: நாங்கள் கடன் வாங்கி வீடு கட்டிக் குடியேறியவர்கள். வீட்டுக்கு எதிரே மாடு ஓட்டுகிறார்கள். புழுதி ஒருபுறம், என் குழந்தை வாசலில் இறங்கவே பயமாக இருக்கிறது. எங்கள் பாதுகாப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை.
– ஒரு வாசகி, தஞ்சாவூர் புறநகர்

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது. பூட்டிய ஜோடி மிரண்டால் சாரதியாலும் உடனே பிடித்து நிறுத்த முடியாது. தடத்தின் இரு பக்கமும் ஆள் உயர வேலி இருக்க வேண்டும். ஓட்டும் முன் தண்ணீர் தெளிக்க வேண்டும். காலை ஏழு மணிக்குள் முடித்துவிட வேண்டும். இவற்றை எழுத்தில் கேளுங்கள். நல்ல மாட்டுக்காரர் எவரும் இதை மறுக்க மாட்டார், ஏனெனில் குறுக்கே ஓடும் குழந்தையால் முதலில் கெடுவது அவர் மாட்டின் கால். ஆனால் திடலையே மூடச் சொல்லி மனுக் கொடுக்கும் முன் அவர்களுடன் ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள். அந்தத் திறந்தவெளி மறைந்தால் அந்த இடத்தில் வரப்போவது மரமும் நிழலும் அல்ல, மற்றொரு வரிசை வீடுகள்தான்.

கேள்வி: ஆற்றுப் படுகையில் புதிய தடம் போட்டுக்கொள்ளலாமா?
– ஒரு வாசகர், திருவையாறு

பதில்: வேண்டாம். நீர்நிலைப் புறம்போக்கில் மண் கொட்டி மேடாக்குவது வெள்ளத்துக்கும் கேடு, சட்டத்துக்கும் விரோதம். இன்னொரு பொதுநிலத்தை அழித்து நம் பொதுநிலத்தைக் காக்க முடியாது.

கேள்வி: எங்கள் ஊராட்சியை மாநகராட்சியோடு இணைக்கப் போவதாகப் பேச்சு. கிராம சபையில் திடலுக்காகத் தீர்மானம் போட்டால் பயன் உண்டா?
– ஓர் இளைஞர், கும்பகோணம் வட்டம்

பதில்: உண்டு, ஆனால் இணைப்பதற்கு முன் போட வேண்டும். இணைந்த பிறகு கிராம சபை இராது, வார்டு குழுவும் பகுதி சபையும்தான் இருக்கும். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து வருவது எதுவோ அதற்கு முன், புல எண், நீள அகலம், எத்தனை ஆண்டு வழக்கம் என்பவற்றுடன் தீர்மானத்தை எழுதி எடுத்துச் செல்லுங்கள். ‘திடலைக் காக்க வேண்டும்’ என்ற ஒற்றை வரி உதவாது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் மாட்டுவண்டிப் பந்தயத்துக்கும் சேர்த்துத் தடை விதித்த பிறகு, அந்தத் தடை நீங்கும் வரை உங்கள் ஊரில் ஓட்டம் நின்றிருந்தால், அது நீதிமன்ற ஆணையால் நின்றது, ஊர் கைவிட்டதால் அல்ல என்பதையும் தீர்மானத்தில் ஒரு வாக்கியமாகச் சேர்த்துவிடுங்கள். வழக்கம் அறுந்துபோனது என்று நாளை யாரும் சொல்லாதிருக்க அது வேண்டும். தீர்மானப் புத்தகத்தில் பதிவானதும் தலைவர் கையெழுத்திட்ட நகல் ஒன்றை அன்றைக்கே கையில் வாங்கிக்கொண்டு வீடு திரும்புங்கள்.