சுயேச்சை வேட்பாளருக்கு ஊர் சேர்ந்து செலவு செய்யலாமா?

கேள்வி: எங்கள் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் உள்ள இளைஞர்கள் சேர்ந்து, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை ஒருவரைச் சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நிறுத்தப் போகிறோம். ஏரி, குடிநீர், ரேஷன் கடை இவற்றில் மாற்றம் வேண்டும் என்பதுதான் எங்கள் கோரிக்கை. ஆளுக்கு 500, 1,000 தர மக்கள் தயாராக இருக்கிறார்கள். ஒருவர் சொந்தச் செலவில் நோட்டீஸ் அடித்துத் தருகிறேன் என்கிறார். துபாயில் இருக்கும் ஊர்க்காரர்களும் பணம் அனுப்பக் கேட்கிறார்கள். இதனால் ஆசிரியைக்கு ஏதும் சிக்கல் வருமா? மனு வேலை எல்லாவற்றையும் முடித்துத் தர ஒருவர் 25,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?
– வாசகர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: 25,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். முதலில் நன்கொடை.

ஊர் சேர்ந்து செலவு செய்வதில் தவறில்லை. அந்தப் பணம் எந்த வழியாக வருகிறது, யார் அனுமதியோடு செலவாகிறது என்பதில்தான் சிக்கல். மனுத் தாக்கல் செய்வதற்குக் குறைந்தது ஒரு நாள் முன்பாகவே, தேர்தல் செலவுக்கென்று ஆசிரியை பெயரில் தனி வங்கிக் கணக்கு தொடங்குங்கள். அவர் பெயரில் மட்டும் இருக்கலாம். இல்லையென்றால் அவரும் அவருடைய தேர்தல் முகவரும் சேர்ந்து தொடங்கலாம். கணவர், மகன், சங்கத் தலைவர் யாரையும் சேர்க்கக் கூடாது. ஜிபே, போன்பே எதுவானாலும் அந்தக் கணக்குக்கான க்யூஆர் கோடு மட்டுமே ஊரில் சுற்ற வேண்டும். இளைஞர் ஒருவரின் சொந்த எண்ணில் வசூலித்துப் பிறகு மொத்தமாக மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். யார் எவ்வளவு தந்தார் என்ற விவரம் அதில் தொலைந்துபோகும்.

ரொக்கமாகத் தருபவருக்கு வரிசை எண் போட்ட ரசீது கொடுத்து, பெயர், முகவரி எழுதி, பணத்தை முதலில் அந்தக் கணக்கில் கட்டிவிட்டுப் பிறகு எடுத்துச் செலவழியுங்கள். ஒருவரிடம் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கக் கூடாது. ஒரே கடைக்காரருக்குத் தேர்தல் முடியும்வரை மொத்தமாக 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கவும் கூடாது. சாமியானாக்காரருக்கு இன்று 6,000, அடுத்த வாரம் 6,000 என்று கொடுப்பது விதிமீறல்தான். அதேபோல், வேட்பாளரோ அவருடைய ஆட்களோ போகும் வண்டியில் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் இருந்தால் பறக்கும் படை பிடிக்கும்.

துபாயிலிருந்து அனுப்புபவர் இந்தியக் குடிமகனாக இருந்து, தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் வாங்கலாம். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவரிடம் வாங்காதீர்கள். வேட்பாளர் வெளிநாட்டு நன்கொடை பெறுவது தடைசெய்யப்பட்டது.

இப்போது நோட்டீஸ். நல்ல மனதோடு செய்யும் உதவி இங்கேதான் குற்றமாகிவிடுகிறது. வேட்பாளரின் எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் அவருக்காகக் கூட்டம் போடுவது, விளம்பரம் செய்வது, வேறு எந்த வழியிலாவது செலவு செய்வது எல்லாமே இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 176-ஆம் பிரிவின்படி குற்றம். 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. இதற்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது. செலவு 10 ரூபாய்க்கு மிகாமல் இருந்து, செலவு செய்த 10 நாளுக்குள் வேட்பாளரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிட்டால், அனுமதியோடு செய்ததாகவே கருதப்படும். பத்தாயிரம் இல்லை, பத்து ரூபாய். 1920-இல் வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்த்த தொகை அது. அன்று 10 ரூபாய்க்கு ஒரு மூட்டை நோட்டீஸ் அடித்திருக்கலாம். 2024 ஜூலையில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது 500 ரூபாயாக இருந்த அபராதத்தை 10,000 ஆக்கினார்கள். இந்தப் பத்து ரூபாயை அப்படியே விட்டுவிட்டார்கள். இன்று அதற்கு ஒரு டீ கிடைப்பதே கஷ்டம். கட்சிகளின் செலவுக்கு உச்சவரம்பே இல்லாத நாட்டில், ஆதரவாளருக்கு 10 ரூபாய் உச்சவரம்பு. 'பிறகு ஒப்புதல் வாங்கிக்கொள்ளலாமே' என்று யாராவது சொன்னால் இந்தத் தொகையைச் சொல்லிக்காட்டுங்கள். செலவு செய்த பிறகு வாங்கும் கடிதம் உங்கள் யாருக்கும் உதவாது.

வழி சுலபம்தான். ஒவ்வொரு செலவுக்கும் தனித்தனியாக அனுமதி தேவையில்லை, பொதுவான அனுமதியும் செல்லும். செலவு செய்யப்போகும் ஒவ்வொருவருக்கும் ஆசிரியை முன்கூட்டியே ஒரு கடிதம் கொடுக்கட்டும். பெயர், முகவரி, எந்தச் செலவுக்கு, எவ்வளவு தொகை வரை, தேதி, கையெழுத்து. ஒரு நகல் கணக்குப் பார்ப்பவரிடம் இருக்கட்டும். நோட்டீஸில் அச்சகத்தின் பெயர், முகவரி, வெளியிடுபவரின் பெயர், முகவரி நான்கும் இருக்க வேண்டும். அடிக்கும் முன், வெளியிடுபவர் கையெழுத்திட்டு, அவரை அறிந்த இருவர் சான்றளித்த உறுதிமொழியை இரண்டு பிரதிகளாக அச்சகத்துக்குத் தர வேண்டும். தவறினால் 6 மாதம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இலவசமாக வந்த நோட்டீஸ், வேன், நாற்காலி எல்லாவற்றுக்கும் மதிப்புப் போட்டுக் கணக்கில் எழுத வேண்டும். டீக்கும் சாப்பாட்டுக்கும்கூட மாவட்டத் தேர்தல் அதிகாரி விலைப்பட்டியல் வெளியிடுவார். மனுத் தாக்கலுக்கு முன்பே அடித்து வைத்து, பிறகு பயன்படுத்தும் பொருளும் செலவில் சேரும். தமிழ்நாட்டில் சட்டமன்ற வேட்பாளருக்கு உச்சவரம்பு 40 லட்சம் ரூபாய். நீங்கள் அதன் அருகில்கூடப் போகமாட்டீர்கள். உங்களுக்குள்ள ஆபத்து எழுதாமல் விடுவதில்தான்.

இனி அந்த 25,000 ரூபாய். மனு தொடங்கும் வாரத்தில் தாலுகா அலுவலக வாசலில் இப்படிப்பட்டவர்கள் முளைப்பார்கள். அவர்கள் விற்பதில் பாதி, தேர்தல் நடத்தும் அலுவலர் அலுவலகத்தில் இலவசமாகக் கிடைப்பது: 2பி மனுப் படிவம், 26-ஆம் எண் பிரமாணப் பத்திரப் படிவம், சுயேச்சைச் சின்னங்களின் பட்டியல். நல்ல சின்னம் வாங்கித் தருகிறேன் என்பார்கள். மனுவில் மூன்று சின்னங்களை நீங்களே வரிசைப்படுத்தி எழுதலாம், ஒன்றையே பலர் கேட்டால் குலுக்கல்தான். முன்கூட்டியே நோட்டரி முத்திரை குத்திய வெற்றுத் தாள் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். பிரமாணப் பத்திரத்தில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்கக் கூடாது. விவரம் இல்லாத இடத்தில் 'இல்லை' அல்லது 'பொருந்தாது' என்று எழுத்தில் எழுதுங்கள், கோடு போடாதீர்கள்.

அவர்கள் விற்பதிலேயே மோசமானது முன்மொழிபவர்கள், அதாவது வேட்பாளரின் பெயரை முன்மொழிந்து மனுவில் கையெழுத்திடும் வாக்காளர்கள். அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒருவர் போதும். சுயேச்சைக்கு அதே தொகுதி வாக்காளர்கள் 10 பேர் வேண்டும். மக்களை மட்டுமே நம்பி நிற்பவருக்குப் பத்து மடங்கு சுமை, இதை மாற்ற யாருக்கும் மனமில்லை. 'பத்துப் பேரை நானே தருகிறேன்' என்பார் இடைத்தரகர். பரிசீலனை நாளில் அந்தப் பத்தில் ஒருவர் 'இது என் கையெழுத்து இல்லை' என்று சொன்னால் மனு போச்சு. 2017 டிசம்பரில் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷாலின் மனு இரண்டு பேர் அப்படிச் சொன்னதால்தான் நிராகரிக்கப்பட்டது. 2024-இல் சூரத்தில் காங்கிரஸ் வேட்பாளருக்கே இது நடந்து, கடைசியில் வாக்குப்பதிவே இல்லாமல் தேர்தல் முடிந்தது.

ஒரு வேட்பாளர் நான்கு மனுக்கள் வரை தரலாம், டெபாசிட் ஒருமுறை கட்டினால் போதும். எனவே நான்கு மனு, நாற்பது வெவ்வேறு முன்மொழிபவர்கள், எல்லாரும் உங்களுக்குத் தெரிந்த முகங்களாக இருக்கட்டும். இறுதி வாக்காளர் பட்டியலைப் பார்த்துப் பாகம் எண், வரிசை எண் குறியுங்கள். ஊர்ப் பெரியவர்களைச் சேர்க்க ஆசைப்படுவீர்கள். கைநாட்டு வைப்பவராக இருந்தால் தேர்தல் நடத்தும் அலுவலர் அல்லது அதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரி முன்னிலையில்தான் வைக்க வேண்டும். வீட்டில் வைத்து வாங்கிய கைநாட்டு செல்லாது.

டெபாசிட் 10,000 ரூபாய். பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 5,000. ரொக்கமாகவோ கருவூலச் சலானாகவோ கட்டலாம், காசோலை கூடாது. கடைசி நாள் பிற்பகல் 3 மணி வரை காத்திருக்காமல் இரண்டு நாள் முன்பே தாக்கல் செய்தால், குறை சொன்னாலும் அடுத்த மனுவில் திருத்திக்கொள்ளலாம். தாக்கல் செய்த கையோடு, அரசியலமைப்புக்கு உண்மையாக இருப்பேன் என்ற வேட்பாளர் உறுதிமொழியை ஆசிரியை எடுத்துவிடட்டும். பரிசீலனைக்கு முந்தைய நாளுக்குள் எடுக்காவிட்டால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை.

தோற்றாலும் கணக்குக் கொடுக்க வேண்டும். முடிவு அறிவித்த 30 நாளுக்குள், ரசீதுகளோடு, மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம். கொடுக்காதவரைத் தேர்தல் ஆணையம் 3 ஆண்டுகள் போட்டியிடத் தகுதியற்றவராக்கலாம். கணக்கு எழுத ஒருவரை இப்போதே நியமித்து, அவருக்கு வேறு எந்த வேலையும் தராதீர்கள். கணக்கைக் கொடுத்ததும் முத்திரையிட்ட ஒப்புகைச் சீட்டை அங்கேயே நின்று வாங்கிக்கொள்ளுங்கள்.