பழைய ஃப்ரட்டர்னிட்டி வீட்டைப் புதுப்பிக்க நிதி திரட்டுவது: கேள்வி பதில்

அமெரிக்காவில் படிக்கும்போது மூன்று வருடம் ஒரு ஃப்ரட்டர்னிட்டி வீட்டில், அதாவது கல்லூரி ஆண் மாணவர் சங்கம் ஒன்றின் உறுப்பினர்கள் சேர்ந்து வாழும் வீட்டில், தங்கியிருந்தேன். இப்போது அந்த வீட்டை நிர்வகிக்கும் பழைய மாணவர் குழுவில் பொருளாளராக இருக்கிறேன். கூரை, வீட்டைச் சூடாக்கும் பாய்லர், வயரிங் மூன்றுக்கும் பணம் திரட்டிய அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

சார், என் மகன் இருக்கும் வீடு ரொம்பப் பழசு. பல்கலைக்கழகம் ஏன் பழுது பார்ப்பதில்லை?

பல இடங்களில் வீடு பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமே இல்லை. பழைய மாணவர்கள் நடத்தும் ஹவுஸ் கார்ப்பரேஷன் பேரில்தான் பத்திரம் இருக்கும். பையன்கள் கட்டும் வாடகை சொத்து வரிக்கும் இன்சூரன்ஸுக்கும் சில்லறை வேலைகளுக்கும் சரியாகப் போய்விடும். கூரை மாற்றும் அளவுக்கு மிஞ்சாது.

அண்ணா, நாங்கள் இப்போது வீட்டில் இருக்கும் பசங்க. 400 பழைய மாணவர்களுக்கு ஈமெயில் போட்டோம். ஆறு பேர்தான் பதில் எழுதினார்கள். எங்கே தப்பு செய்தோம்?

தம்பி, ஈமெயிலைப் பார்த்துப் பெரிய தொகை யாரும் தரமாட்டார்கள். முதலில் ஒரு இன்ஜினியரைக் கூப்பிட்டு வீட்டை முழுக்கச் சோதித்து அறிக்கை வாங்குங்கள். அதை எடுத்துக்கொண்டு முப்பது நாற்பது பேரை நேரில் பாருங்கள். பணம் கேட்க வேண்டாம். இந்தத் திட்டம் சரியா, நீங்கள் கூட நிற்பீர்களா என்று மட்டும் கேளுங்கள். அந்தப் பேச்சிலேயே எவ்வளவு தேறும் என்று தெரிந்துவிடும். இலக்கில் பாதிக்கு மேல் வாக்குறுதியாக வந்த பிறகுதான் எல்லோருக்கும் அறிவிக்க வேண்டும். பெரும்பகுதிப் பணம் சில பேரிடமிருந்துதான் வரும். அவர்களை அவசரப்படுத்தக் கூடாது.

எழுபதுகளில் படித்த ஒருவரை நான் வீட்டுக்கே அழைத்துவந்தேன். மாடிப்படிக் கைப்பிடி வழவழவென்று தேய்ந்திருந்த இடத்தில் கை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் நிலவறைக்குக் கூட்டிப்போனேன். பாய்லர் அடியில் ஒழுகும் தண்ணீருக்கு வாளி வைத்திருந்தோம். அவர் காலத்திலும் அதே பாய்லர்தானாம். எங்களுக்கு வந்த முதல் பெரிய தொகை அவருடையது.

நன்கொடைக்கு வரிச்சலுகை உண்டா?

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். அமெரிக்க வரிச்சட்டப்படி ஹவுஸ் கார்ப்பரேஷன் பெரும்பாலும் 501(சி)(7) வகை, அதாவது உறுப்பினர்களுக்கான கிளப். அதற்குக் கொடுத்தால் சலுகை கிடையாது. 501(சி)(3) வகையான கல்வி அறக்கட்டளை வழியாகக் கொடுத்தால் உண்டு. ஆனால் அந்தப் பணத்தைப் படிப்பறை, நூலகம், இணைய வயரிங் மாதிரி கல்விக்கான பகுதிகளுக்குத்தான் செலவழிக்கலாம். படுக்கையறைக்கும் விருந்துக் கூடத்துக்கும் அதில் இடமில்லை. ஊழியர் கொடுப்பதற்கு இணையாகத் தாமும் கொடுக்கும் கம்பெனிகளும் பொதுவாக இந்த (சி)(3)-ஐத்தான் பார்க்கும். 250 டாலரும் அதற்கு மேலும் கொடுப்பவருக்கு எழுத்தில் ரசீது கட்டாயம். நோட்டீஸ் அச்சடிக்கும் முன்பே ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள்.

முன்கூடத்தை அழகுபடுத்தத்தான் எல்லோரும் பணம் தருகிறார்கள். தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்ப்ரிங்க்ளரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

கூடாது. 1996 மே 12, வட கரோலினாவின் சாப்பல் ஹில். அன்னையர் தினம், அன்றைக்கே பட்டமளிப்பு விழா. விடியற்காலையில் ஒரு ஃப்ரட்டர்னிட்டி வீடு தீப்பிடித்து ஐந்து மாணவர்கள் இறந்துபோனார்கள். அந்த வீட்டில் ஸ்ப்ரிங்க்ளர் இல்லை. அதற்குப் பிறகுதான் அந்த ஊர் இப்படிப்பட்ட வீடுகளுக்கு அதைக் கட்டாயமாக்கியது. நாங்கள் பார்ப்பது பிள்ளைகள் தூங்கும் வீடு, அதனால் இதில் நான் யாருக்காகவும் விட்டுக்கொடுப்பதில்லை. வயரிங்குக்காகச் சுவரை உடைக்கும்போதே ஸ்ப்ரிங்க்ளர் குழாயையும் போட்டுவிட்டால் ஒரே பூச்சு வேலையோடு முடியும். 1978-க்கு முன்பு கட்டிய வீடென்றால் ஈயப் பெயிண்ட் இருக்கலாம், குழாய்களைச் சுற்றி ஆஸ்பெஸ்டாஸும் இருக்கலாம். அதை அகற்றத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள்.

"குடித்துக் கூத்தடிக்கிற பசங்களுக்கு நான் ஏன் தரவேண்டும்?" என்று கேட்கிறார்களே?

நியாயமான கேள்வி, மழுப்பாதீர்கள். பையன்களின் மதிப்பெண் சராசரி, எத்தனை படுக்கை நிரம்பியிருக்கிறது, ராகிங் புகார் ஏதாவது உண்டா, எல்லாவற்றையும் மேசையில் வையுங்கள். பணம் பையன்கள் கைக்குப் போகாது என்பதையும் சொல்லுங்கள். நாளைக்கே சாப்டரை, அதாவது அந்தக் கல்லூரியில் உள்ள ஃப்ரட்டர்னிட்டி கிளையை, மூடிவிட்டால் அந்தப் பணம் என்ன ஆகும் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துவிடுவது நல்லது. எங்கள் குழுவில் அதை எழுதிக் காட்டிய பிறகுதான் இரண்டு பேர் கையெழுத்தே போட்டார்கள்.

தவணையாகத் தரலாமா?

தரலாம். மூன்றிலிருந்து ஐந்து வருடம் வழக்கம். ஆனால் கான்ட்ராக்டர் அதுவரை காத்திருக்க மாட்டார், நடுவில் வங்கிக் கடன் தேவைப்படும். சொன்ன தொகை அத்தனையும் வந்துசேராது, கணக்கில் கொஞ்சம் குறைத்தே போடுங்கள்.

நாங்கள் தமிழ்ப் பெற்றோர். எங்கள் பெண் மாணவியருக்கான சங்க வீட்டில், அதாவது சொராரிட்டி வீட்டில் இருக்கிறாள். எங்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றுகிறது.

அம்மா, எங்கள் வீட்டு நடைச்சுவரில் வருடத்துக்கு ஒரு சட்டமாக எல்லோருடைய முகங்களும் மாட்டியிருக்கும். பழைய சட்டங்களில் நம்மவர் ஒருவர்கூட இல்லை. என் வருடத்தில் நான் ஒருவன், இப்போது வரிசைக்கு நாலைந்து பேர். உங்கள் மகள் முகமும் அப்படி ஒரு சுவரில் இருக்கும். பணம் முடியாவிட்டால் வேலையாகக் கொடுங்கள். எங்கள் பழைய மின் பலகையைத் திறந்து பார்த்து, எந்த சர்க்யூட் எந்த அறைக்குப் போகிறது என்று ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து எழுதிக் கொடுத்தவர் ஒரு பையனின் அப்பா. எலக்ட்ரீஷியன் வந்ததும் முதலில் கேட்டது அந்தத் தாளைத்தான்.